எபிசோட் 47: பாலைவனத்துல செஞ்ச நீர்மூழ்கி ரோபோ

போன மாசம் ஒரு தம்பிகிட்ட இருந்து வாய்ஸ் நோட் வந்துச்சு. ஒரு இன்ஜினியரிங் காலேஜ் ரோபாட்டிக்ஸ் டீம்ல செகண்ட் இயர். "அண்ணா, எங்க போட்டி சீசன் முடிஞ்சுருச்சு. அடுத்த சீசனுக்கு இன்னும் ஆறு மாசம் இருக்கு. சும்மா இருந்தா பாதி பேர் டீமை விட்டுப் போயிடுவாங்க. ஆஃப்-சீசன்ல பண்றதுக்கு ஏதாவது ப்ராஜெக்ட் ஐடியா சொல்லுங்க"ன்னு கேட்டிருந்தார்.

இது ஹிஸ்டரி பாட்காஸ்ட். நம்மகிட்ட ஐடியா லிஸ்ட் கேட்டா கதைதான் வரும். ஆனா அந்தக் கேள்வி எனக்குள்ள நாலு நாள் ஓடிட்டே இருந்துச்சு. ஏன்னா நான் காலேஜ்ல படிச்சப்ப எங்க டீம்ல இதே பிரச்சினை. ஆஃப்-சீசன் வந்தா நாங்க செஞ்சது ஒண்ணே ஒண்ணுதான். ஏற்கெனவே செஞ்ச லைன் ஃபாலோயரைப் பிரிச்சு, அதே லைன் ஃபாலோயரை இன்னும் கொஞ்சம் வேகமா ஓடுற மாதிரி திரும்பக் கட்டுவோம். மூணு வருஷம் அதையேதான் பண்ணோம். நாலாவது வருஷம் பிளேஸ்மென்ட் வந்துருச்சு. கதை முடிஞ்சுது.

அதனால இன்னைக்கு, முக்கிய சீசனுக்கு வெளியே ஒரு பள்ளிக்கூட டீம் எடுத்துக்கிட்ட ஒரு பக்க வேலையோட வரலாற்றைப் பார்க்கப் போறோம். 2004, அமெரிக்கா, அரிசோனா மாநிலம், பீனிக்ஸ் நகரம். இந்தக் கதை சில பேருக்குத் தெரிஞ்சிருக்கலாம். 2015-ல ஹாலிவுட் படமா வந்துச்சு, பேரு 'ஸ்பேர் பார்ட்ஸ்'. படம் பார்த்தவங்களும் போயிடாதீங்க. படத்துல விட்டுப்போன இடத்துலதான் எனக்குச் சுவாரசியமே இருக்கு.

முதல்ல கொஞ்சம் பின்னணி. அமெரிக்காவுல பள்ளி ரோபாட்டிக்ஸ்னா பெரிய பேரு 'ஃபர்ஸ்ட்'. செக்வேன்னு ரெண்டு சக்கர வண்டி வந்துச்சே, அதைச் செஞ்ச டீன் கேமன் 1989-ல தொடங்கின அமைப்பு. அதுக்குப் போட்டி வடிவம் கிடைச்சது எம்ஐடி பேராசிரியர் வுடி ஃப்ளவர்ஸ் கிட்ட இருந்து. அவர் எம்ஐடியில நடத்தின டிசைன் பாடத்துல ஒவ்வொரு மாணவர் கையிலயும் ஒரு பெட்டி நிறைய உதிரிச் சாமான் கொடுத்து, இதை வச்சு ஒரு மெஷின் செய், கடைசியில எல்லாரும் மோதுங்கன்னு விடுவார். 1992-ல முதல் ஃபர்ஸ்ட் போட்டி நியூ ஹாம்ப்ஷயர்ல ஒரு பள்ளிக்கூட ஜிம்ல நடந்துச்சு. மொத்தம் 28 டீம்.

இந்தப் போட்டியோட தாளம் ரொம்ப முக்கியம். ஜனவரியில விளையாட்டு என்னன்னு அறிவிப்பாங்க. அந்தக் காலத்துல ரோபோ செய்ய ஆறு வாரம்தான். மார்ச், ஏப்ரல்ல போட்டி. அதுக்கப்புறம் டிசம்பர் வரைக்கும் பெரிய காலி இடம். ஆறு வாரம் தூங்காம வேலை செஞ்ச பசங்களுக்கு மீதி வருஷம் முழுக்க என்ன குடுக்கிறது? உலகத்துல எந்த ரோபாட்டிக்ஸ் வாத்தியாரைக் கேட்டாலும் இந்தக் கேள்விதான் அவரோட தலைவலி.

இப்ப பீனிக்ஸுக்கு வருவோம். நகரத்தோட மேற்குப் பக்கம் கார்ல் ஹேடன் உயர்நிலைப் பள்ளி. படிக்கிறவங்க பெரும்பாலும் மெக்ஸிகோ வேர் கொண்ட குடும்பத்துப் பிள்ளைங்க, பெரும்பாலும் ஏழைங்க. அங்க ரெண்டு வாத்தியார். ஒருத்தர் ஆலன் கேமரன், கம்ப்யூட்டர் சயின்ஸ். இன்னொருத்தர் ஃப்ரெடி லாஜ்வர்தி, ஈரான்ல இருந்து சின்ன வயசுல வந்தவர். அவர் நடத்தினது கடல் அறிவியல் பாடத்திட்டம். பாலைவனத்து நடுவுல இருக்கிற ஊர்ல கடல் அறிவியல்! நம்ம ஊர்ல யாராவது ராஜஸ்தான்ல மீன்பிடித் துறைமுகம் கட்டப் போறேன்னு சொன்னா எப்படிச் சிரிப்போமோ, அப்படித்தான் இருந்திருக்கும்.

இவங்க ரெண்டு பேரும் சேர்ந்து நடத்தின ஃபர்ஸ்ட் டீம்தான் ஃபால்கன் ரோபாட்டிக்ஸ், நம்பர் 842. அந்த டீம் இருக்கும்போதே தனியா இன்னொரு போட்டி கண்ணுல படுது. மேட்-னு சொல்ற கடல்சார் தொழில்நுட்பக் கல்வி மையம், கலிபோர்னியாவுல மான்டரேல இருக்கு. அவங்க நடத்துற நீர்மூழ்கி ரோபோ போட்டி. 2004-ல ஜூன் மாசம், சான்டா பார்பராவுல இருக்கிற கலிபோர்னியா பல்கலைக்கழக வளாகத்துல. ஃபர்ஸ்ட் சீசன் எல்லாம் முடிஞ்சு, பள்ளிக்கூடமும் மூடின பிறகு.

இதுல ரெண்டு பிரிவு. ரேஞ்சர்னு ஒண்ணு, பொதுவா பள்ளிகள் போறது. எக்ஸ்ப்ளோரர்னு இன்னொண்ணு, கஷ்டமானது, கல்லூரிகள் போறது. வாத்தியார்கள் ரெண்டு பேரும் பசங்க பேரை எதுல குடுத்தாங்க தெரியுமா? எக்ஸ்ப்ளோரர்ல. தன்னம்பிக்கையில இல்ல. அவங்க கணக்கு ரொம்ப எளிமையானது. பள்ளிகளோட மோதிக் கடைசியா வந்தா, பள்ளிகள்லயே கடைசின்னு பேரு வரும். கல்லூரிகளோட மோதிக் கடைசியா வந்தா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, கல்லூரியோட மோதினோமேன்னு பெருமையாவே சொல்லிக்கலாம்.

எனக்கு இந்த முடிவு ரொம்பப் பிடிச்சிருக்கு. நான் வேலை செய்யற இடத்துல புது டெக்னாலஜியைப் பார்த்தா எல்லாரும் முதல்ல கேக்கறது "ஃபெயில் ஆனா என்ன ஆகும்"னுதான். இந்த வாத்தியார்கள் அந்தக் கேள்விக்கு முதல்லயே பதில் எழுதிட்டு, பிறகுதான் ஃபார்ம் நிரப்பினாங்க.

டீம்ல நாலு பேர். ஆஸ்கர் வாஸ்கெஸ், தலைவன் மாதிரி. பள்ளியில ராணுவப் பயிற்சிப் பிரிவுல இருந்தவன், நம்ம ஊர் என்சிசி மாதிரின்னு வச்சுக்கோங்க. ராணுவத்துல சேரணும்கிறது அவனோட கனவு. கிறிஸ்டியன் அர்சேகா, டீமோட மூளை. லாரென்சோ சான்டியான், மெக்கானிக் கை உள்ளவன். லூயிஸ் அராண்டா, ஆள் பெரிய உருவம், அதிகம் பேச மாட்டான், ரோபோவுக்குப் போற கேபிளைப் பார்த்துக்கறவன். நாலு பேரும் மெக்ஸிகோவுல பிறந்து, சின்ன வயசுல பெத்தவங்களோட எல்லை தாண்டி வந்தவங்க. சட்டப்படி காகிதம் இல்லாதவங்க. இதை மனசுல வச்சுக்கோங்க, திரும்ப வருவோம்.

சரி, ரோபோ என்ன செய்யணும்? நீச்சல் குளத்துக்கு அடியில மூழ்கின நீர்மூழ்கிக் கப்பல் ஒண்ணு கிடக்கிறதா கற்பனை. மொத்தம் ஏழு வேலை. கப்பலோட நீளத்தை அளக்கணும், ஆழத்தை அளக்கணும், தண்ணியோட வெப்பநிலை எடுக்கணும், கேப்டனோட மணியை மீட்கணும், இப்படிப் போகும். எல்லாத்துலயும் கொடுமையானது ஒரு பீப்பாய்க்குள்ள இருந்து அரை லிட்டர் திரவம் எடுக்கிற வேலை. பீப்பாயோட வாய் சின்னக் குழாய் அளவு. ரோபோ தண்ணிக்குள்ள ஆடிட்டே இருக்கும். நீங்க மேல கரையில, கேமரா வழியா டிவியைப் பார்த்து ஓட்டணும். ஊசியில நூல் கோக்கணும், ஆனா ஊசியும் நூலும் பக்கத்து ரூம்ல இருக்குன்னு நினைச்சுப் பாருங்க.

கையில இருந்த காசு? மொத்தச் செலவு சுமார் 800 டாலர். எதிர்ல எம்ஐடி டீம். 12 பேர். கடல் பொறியியல், இயந்திரவியல், கணினின்னு படிக்கிறவங்க. எக்ஸான்மொபில் கம்பெனி குடுத்த 10,000 டாலர் ஸ்பான்சர்ஷிப்.

இப்ப இன்ஜினியரிங் பகுதிக்கு வரேன். இங்க கொஞ்சம் நேரம் எடுத்துக்கப் போறேன், மன்னிச்சுக்கோங்க.

உடம்பு எதுல செய்யறது? எஃகுல செய்யக் காசு இல்ல. பசங்க எடுத்தது பிவிசி குழாய். நம்ம மாடியில தண்ணி டேங்க்குக்குப் போகுமே, அதே சாமான்தான். விலை மட்டும் காரணமில்ல. குழாயை ரெண்டு பக்கமும் அடைச்சா உள்ள காத்து மாட்டிக்கும். அந்தக் காத்துதான் மிதப்பு. மோட்டார், பேட்டரி எல்லாம் ரோபோவைக் கீழே இழுக்கும், குழாய்க்குள்ள இருக்கிற காத்து மேலே தூக்கும். ரெண்டும் சமமாயிட்டா ரோபோ எந்த ஆழத்துல விட்டாலும் அங்கேயே நிக்கும். அப்ப மோட்டாரோட சக்தியெல்லாம் நகர்றதுக்கு மட்டும் போகும், மூழ்காம இருக்கிறதுக்கு வீணாகாது. அதாவது சட்டகமும் மிதவையும் ஒரே பொருள். ஒரே சாமான் ரெண்டு வேலை செய்யுது. இந்த மாதிரி டிசைனைப் பார்த்தா எனக்கு ஒரு நல்ல கோட் ரிவ்யூ படிச்ச சந்தோஷம் வரும்.

தள்ளறதுக்கு சின்னப் படகுல மீன் பிடிக்கப் போறவங்க பயன்படுத்துற டிரோலிங் மோட்டார். திரவம் உறிஞ்ச, படகுக்குள்ள தேங்குற தண்ணியை வெளியேத்துற சின்ன பம்ப், ஒரு வளைஞ்ச செம்புக் குழாய், அதோட முனையில ஒரு பலூன். எல்லாம் கடையில கிடைக்கிற பொருள்.

பெரிய முடிவு பேட்டரி. பேட்டரியைக் கரையில வச்சு, நீளமான ஒயர் வழியா கரண்ட் அனுப்பலாம். அது பாதுகாப்பு. ஆனா பள்ளியில படிச்ச ஓம் விதி ஞாபகம் இருக்கா? ஒயர் நீளமானா தடை கூடும், போற வழியிலயே வோல்டேஜ் குறைஞ்சுடும். அதைச் சமாளிக்கத் தடிமனான செம்புக் கம்பி வேணும். தடிமனான கேபிள்னா கனம், ரோபோ அதையும் சேர்த்து இழுத்துட்டுப் போகணும். இவங்க பேட்டரியை ரோபோவுக்குள்ளயே வச்சாங்க, தண்ணி புகாத ஒரு பெட்டியில. கேபிள் மெலிசாச்சு, ரோபோ சுதந்திரமா நீந்துச்சு. ஆனா அந்தப் பெட்டிக்குள்ள ஒரு சொட்டுத் தண்ணி போனா எல்லாம் முடிஞ்சுது. தெரிஞ்சேதான் எடுத்தாங்க அந்த ரிஸ்க்கை.

தூரத்தை அளக்க லேசர் டேப். கட்டட வேலைக்காரங்க வச்சிருப்பாங்களே, சிவப்புப் புள்ளி வச்சு ரூம் நீளம் சொல்ற கருவி. அது காத்துக்காகச் செஞ்சது. தண்ணியில ஒளியோட வேகம் குறைஞ்சுடும். தண்ணியோட ஒளிவிலகல் எண் சுமார் 1.33. ஒளி திரும்பி வர அதிக நேரம் எடுக்கிறதால, கருவி தூரத்தை அதிகமாக் காட்டும். அதனால காட்டற எண்ணைத் திருத்தணும். பன்னிரண்டாம் வகுப்பு ஒளியியல் பாடம்தான். நாம அதை மனப்பாடம் பண்ணி அஞ்சு மார்க் வாங்கினோம். அதைக் குளத்துக்குள்ள இறக்கிப் பார்க்கலாம்னு எங்க யாருக்கும் தோணல.

பிவிசி ஒட்டற பசையோட நாத்தம் தாங்காம ரோபோவுக்கு வச்ச பேரு 'ஸ்டிங்கி'. 'நாத்தம் புடிச்சவன்'னு தமிழ்ல சொல்லலாம். எடை கிட்டத்தட்ட 45 கிலோ. நீலம், சிவப்பு, மஞ்சள்னு பெயின்ட் அடிச்சு, பார்க்கறதுக்கு ஏதோ பூங்காவுல குழந்தைங்க ஏறி விளையாடற சாமான் மாதிரி இருந்துச்சு.

சான்டா பார்பரா போயாச்சு. பயிற்சி ஓட்டம். அங்கதான் விபரீதம். பேட்டரிப் பெட்டிக்குள்ள தண்ணி கசியுது.

போட்டிக்கு முன்னாடி நாள் ராத்திரி. புதுப் பெட்டி வாங்க நேரமில்ல, ஓட்டை எங்கேன்னு தேடவும் நேரமில்ல. அப்ப என்ன பண்றது? கசியறதை நிறுத்த முடியாதுன்னா, கசிஞ்சது சர்க்யூட்டைத் தொடாம பாத்துக்கணும். உள்ள வைக்க ஏதாவது உறிஞ்சுற பொருள் வேணும். சின்னதா இருக்கணும், நிறைய உறிஞ்சணும். டாம்பான்! மாதவிடாய்க்குப் பெண்கள் பயன்படுத்தற அதேதான். அதைவிடச் சின்ன இடத்துல அவ்வளவு திரவம் பிடிக்கிற பொருளைக் கடையில தேடினாலும் கிடைக்காது. லாரென்சோதான் சூப்பர் மார்க்கெட் போகணும். அலமாரி முன்னாடி நின்னுட்டு எது வாங்கறதுன்னே தெரியல. அங்க வந்த ஒரு அம்மாகிட்ட ரோபோ கதையைச் சொல்லி, எது நல்லா உறிஞ்சும்னு கேட்டே வாங்கிட்டு வந்தான். அந்தப் பக்கம் கிறிஸ்டியன் தங்கின ரூம்ல உக்காந்து ராத்திரியெல்லாம் சால்டரிங். தலைமுடி மாதிரி ஒயர்கள்.

படத்துலயும் சரி, கட்டுரைகள்லயும் சரி, இந்த டாம்பான்தான் கதையோட ஹீரோ. எல்லாருக்கும் அது ஞாபகம் இருக்கும், சிரிப்பு வரும். ஆனா என் கருத்தைச் சொல்றேன், டாம்பான் அவங்களை ஜெயிக்க வைக்கல. போட்டியில கலந்துக்க மட்டும்தான் வச்சுது.

மறுநாள் தண்ணிக்குள்ள ஸ்டிங்கி நல்லாவே ஓடுச்சு. எல்லா வேலையையும் முடிக்கல. ஆனா அந்தப் பீப்பாய்த் திரவம், அதை எடுத்தாங்க. கரையில நாலு பேரும் குதிச்ச குதியைக் கற்பனை பண்ணிக்கோங்க. தண்ணிக்குள்ள செய்யற வேலைகளுக்கான மதிப்பெண் வந்தப்ப 11 டீம்ல இவங்க மூணாவது. எம்ஐடி, அப்புறம் வட கரோலினாவுல இருக்கிற கேப் ஃபியர் கம்யூனிட்டி காலேஜ், ரெண்டும் இவங்களுக்கு மேல. அதாவது ரோபோ vs ரோபோன்னு மட்டும் பார்த்தா எம்ஐடி ரோபோ நல்லாத்தான் இருந்துச்சு. எம்ஐடி பசங்களை வில்லன் ஆக்கறதுல எனக்கு உடன்பாடு இல்ல.

அப்புறம் எப்படி? ரெண்டு விஷயம் பாக்கி இருந்துச்சு. ஒண்ணு தொழில்நுட்ப அறிக்கை. ரோபோவை எப்படிச் செஞ்சீங்க, ஏன் அப்படிச் செஞ்சீங்கன்னு எழுதித் தரணும். இன்னொண்ணு நேர்காணல். நாசாவுல இருந்தும் கடற்படை ஆய்வுப் பிரிவுல இருந்தும் வந்த நிபுணர்கள் எதிர்ல உக்காந்து கேள்வி கேப்பாங்க.

லேசர் எப்படி வேலை செய்யுதுன்னு கேட்டாங்க. கிறிஸ்டியன் ஒளியோட கட்ட மாற்றம், ஒளிவிலகல், 30 சதவீதத் திருத்தம் எல்லாத்தையும் கடகடன்னு சொன்னான். கேபிள்ல சிக்னல் குழப்பம் வராதான்னு ஒரு கேள்வி. லாரென்சோ, பள்ளியில எல்லாரும் உருப்படாதவன்னு ஒதுக்கின லாரென்சோ, பல்ஸ் விட்த் மாடுலேஷன் பத்தி விளக்கினான். மோட்டாருக்குப் போற மின்சாரத்தை வேகவேகமா ஆன், ஆஃப் பண்ணி வேகத்தைக் கட்டுப்படுத்தற முறை அது. 15 மீட்டர் கேபிள்ல சோதிச்சுப் பார்த்தோம், குழப்பம் ரொம்பக் குறைவு, அதனாலதான் 33 மீட்டருக்கு நீட்டினோம்னு பதில். பவர்பாயின்ட் ஏன் கொண்டு வரலன்னு கேட்டதுக்கு, என்ன சொல்றதுன்னு தெரியாதவங்கதான் அதைக் கொண்டு வருவாங்கங்கிற மாதிரி பதில் சொன்னாங்க. (நாளைக்கு ஆபீஸ் மீட்டிங்ல இதைச் சொல்லிப் பார்க்கணும்னு எனக்கு ஆசை. வேலை போயிடும்.)

கவனிங்க. நாலு பேர்ல யாரு எந்தக் கேள்விக்கு வேணும்னாலும் பதில் சொல்ல முடிஞ்சுது. எங்க காலேஜ் டீம்ல கோட் எழுதறவனுக்கு மெக்கானிக்கல் தெரியாது, மெக்கானிக்கல் பசங்களுக்குச் சர்க்யூட் தெரியாது. டாக்குமென்டேஷனா? அது கடைசி நாள் ராத்திரி, டீம்ல யாரு இளிச்சவாயனோ அவன் தலையில விழும். பெரும்பாலும் நான்தான்.

பரிசளிப்பு. முதல்ல, பட்டியல்லயே இல்லாத ஒரு சிறப்புப் பரிசைக் குடுத்தாங்க. வாத்தியார்கள் நினைச்சாங்க, சரி, இது ஆறுதல் பரிசு, ஏழைப் பசங்க பாவம்னு குடுக்கறாங்க. அப்புறம் டிசைனுக்கான பரிசு வந்துச்சு. தொழில்நுட்ப எழுத்துக்கான பரிசும் வந்துச்சு. வீட்டுல ஸ்பானிஷ் பேசற பசங்க, ஆங்கிலம் ரெண்டாவது மொழி, அவங்க எழுதின அறிக்கை பல்கலைக்கழகங்களோட அறிக்கையைத் தாண்டிப் போச்சு. கடைசியா ஒட்டுமொத்தம். ரெண்டாவது இடம் எம்ஐடி. முதல் இடம் கார்ல் ஹேடன் உயர்நிலைப் பள்ளி.

படம் இங்க முடிஞ்சுடும், கொஞ்சம் எழுத்து வரும். பை தி வே, படத்துல ரெண்டு வாத்தியாரையும் ஒரே ஆளா ஆக்கி ஜார்ஜ் லோபஸை நடிக்க வச்சாங்க. ரெண்டு பேர் ஒருத்தருக்கொருத்தர் தோள் குடுத்து நடத்தினதைத் தனி மனுஷன் சாகசமா மாத்தறது சினிமாக்காரங்க பழக்கம், விடுங்க.

நமக்கு இனிமேதான் முக்கியம். ஏன்னா இந்த நாலு பேருக்கும் இந்த ப்ராஜெக்ட்ல பணயம் கோப்பை மட்டும் இல்ல.

ரெண்டு வருஷம் முன்னாடி, 2002-ல, அதே பீனிக்ஸ்ல வேற ஒரு பள்ளி மாணவர்கள் சூரிய சக்தி படகுப் போட்டிக்கு நியூயார்க் மாநிலம் போனாங்க. நயாகரா அருவி பார்க்கப் போன இடத்துல எல்லை அதிகாரிகள்கிட்ட மாட்டினாங்க. நாலு மாணவர்கள் மேல நாடு கடத்தற வழக்கு. அது பல வருஷம் இழுத்துச்சு. ஒரு அறிவியல் போட்டிக்குப் போனதோட விலை அது. ஸ்டிங்கியை வண்டியில ஏத்திக்கிட்டு மாநில எல்லை தாண்டிப் போறப்ப கார்ல் ஹேடன் பசங்களுக்கும் அதே ஆபத்துதான். நாம போட்டிக்குப் போனா அதிகபட்சம் அட்டெண்டன்ஸ் போகும்.

ஜெயிச்சதும் என்ன ஆச்சு? உடனே ஒண்ணும் ஆகல. 2005 ஏப்ரல்ல 'வயர்ட்' இதழ்ல ஜோஷுவா டேவிஸ் எழுதின கட்டுரை வந்த பிறகுதான் நாட்டுக்கே தெரிஞ்சுது. படிச்சவங்க கல்வி உதவிக்குப் பணம் அனுப்பினாங்க. கிறிஸ்டியனும் ஆஸ்கரும் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்துல சேர்ந்தாங்க.

2006 நவம்பர்ல அரிசோனாவுல மக்கள் வாக்கெடுப்பு நடந்துச்சு, 'ப்ரோபொசிஷன் 300'. காகிதம் இல்லாத மாணவர்கள் உள்ளூர்க்காரங்களுக்கான கட்டணத்துல படிக்க முடியாது, மாநில உதவித்தொகையும் கிடையாது. அது நிறைவேறிடுச்சு. கட்டணம் பல மடங்கு ஏறுச்சு. கிறிஸ்டியனால தொடர முடியல, படிப்பை விட்டான். லேசர்ல ஒளிவிலகலுக்குத் திருத்தம் போட்டவன், ஹோம் டிப்போ கடையில வேலைக்குப் போனான். லாரென்சோ சமையல் படிச்சான். லூயிஸும் அவனும் சேர்ந்து கேட்டரிங் தொடங்கினாங்க. அதுக்கு வச்ச ஸ்பானிஷ் பேருக்கு அர்த்தம், 'இங்கேயும் இல்ல, அங்கேயும் இல்ல'.

ஆஸ்கர் மட்டும் எப்படியோ தாக்குப் பிடிச்சு 2009-ல இயந்திரவியல் பட்டம் வாங்கினான். அந்தப் பட்டமளிப்பு விழாவுல பேசினது அதிபர் ஒபாமா. ஆனா பட்டம் இருந்தும் சட்டப்படி வேலைக்குப் போக முடியாது. கல்யாணம் ஆகியிருந்துச்சு, மனைவி அமெரிக்கக் குடிமகள், கைக்குழந்தை வேற. அவன் எடுத்த முடிவு, முறையா விண்ணப்பிக்கணும்னு தானாவே மெக்ஸிகோ திரும்பிப் போறது. போய் ஹுவாரெஸ் நகரத் தூதரகத்துல விண்ணப்பிச்சான். பதில்: பத்து வருஷம் அமெரிக்காவுக்குள்ள நுழையத் தடை.

பன்னிரண்டு வயசுல அம்மா கையைப் பிடிச்சுட்டு வந்தவனுக்குப் பத்து வருஷம் தடை. செனட்டர் டிக் டர்பின், இந்த மாதிரி பிள்ளைங்களுக்காக 2001-லயே 'ட்ரீம் ஆக்ட்' மசோதா கொண்டு வந்தவர், தலையிட்டார். 2010-ல தடை தளர்ந்து விசா கிடைச்சுது. ஆஸ்கர் திரும்பி வந்து முதல்ல செஞ்ச வேலை, பதினாலு, பதினஞ்சு வயசுல ஆசைப்பட்டதுதான். அமெரிக்க ராணுவத்துல சேர்ந்தான், ஆப்கானிஸ்தான் போனான். குடியுரிமையும் வந்துச்சு. பிறகு பிஎன்எஸ்எஃப் ரயில் கம்பெனியில வேலை. அந்த மசோதா இன்னைக்கு வரைக்கும் சட்டமாகல. 2012 ஜூன்ல ஒபாமா நிர்வாகம் 'டாகா' கொண்டு வந்துச்சு. நாடு கடத்தாம, வேலை செய்ய அனுமதி குடுக்கிற தற்காலிக ஏற்பாடு. அதுவும் அதுக்கப்புறம் நீதிமன்றத்துக்கும் வெளியேயுமா அலைஞ்சிட்டே இருக்கு.

இதை ஏன் இவ்வளவு சொல்றேன்னா, இந்தக் கதையை நம்ம ஊர்ல மோட்டிவேஷன் ஸ்பீக்கர்கள் எடுத்துச் சொல்றதை நான் கேட்டிருக்கேன். "பாருங்க, 800 டாலர்ல எம்ஐடியைத் தோக்கடிச்சாங்க, நீங்களும் முடியும்"னு முடிச்சுடுவாங்க. ஹோம் டிப்போ அவங்க கதையில வராது. கிறிஸ்டியன்கிட்ட இல்லாதது திறமை இல்ல, ஒரு காகிதம்.

அந்தப் பள்ளி டீம் என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. அது நிக்கல. 2008-ல ஃபர்ஸ்ட் போட்டியோட உச்ச விருதான சேர்மன்ஸ் அவார்டு ஃபால்கன் ரோபாட்டிக்ஸுக்குக் கிடைச்சுது. அது ரோபோ வேகமா ஓடினதுக்குக் குடுக்கிற விருது இல்ல, டீமும் அது தன்னைச் சுத்தி என்ன மாத்துச்சுங்கிறதும் பார்த்துக் குடுக்கறது. பக்க வேலையா எடுத்த நீர்மூழ்கி, டீமோட அடையாளமே ஆயிடுச்சு.

இப்ப அந்த வாய்ஸ் நோட் தம்பிக்கு. தம்பி, ஐடியா கேட்டீங்க. நீங்க எந்த ஊர்னு தெரியும், அதனால சொல்றேன். உங்க டீம் தரையில ஓடற ரோபோதான் இதுவரைக்கும் செஞ்சிருக்கு. உங்க ஊர்ல கிணறு இருக்கு, ஏரி இருக்கு. பள்ளிக்கரணையில தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கு, கடலுக்கு அடியில போற கருவிகள் செய்யறதே அவங்க வேலை. பிவிசி குழாய் உங்க தெரு ஹார்டுவேர் கடையில கிடைக்கும். ஒரு அடி குழாயை ரெண்டு பக்கமும் மூடியால அடைச்சு, பக்கெட்டுல போட்டு, கல்லைக் கட்டி, மிதக்காம மூழ்காம நடுவுல நிக்குதான்னு பாருங்க. அதுக்கு ஒரு சனிக்கிழமை போதும். எவ்வளவு கல்லு கட்டினீங்க, ஏன் அந்தக் கணக்கு தப்பாச்சுன்னு ஒரு பக்கம் எழுதி வைங்க. எழுதறதை டீம்லயே எழுத வராதுன்னு சொல்றவன்கிட்ட குடுங்க. எழுதி முடிச்சதும் எனக்கு அனுப்புங்க, நான் படிக்கிறேன்.

அடுத்த எபிசோட்ல வுடி ஃப்ளவர்ஸோட அந்தச் சாமான் பெட்டிப் பாடத்தைப் பத்திப் பேசலாம். அதுக்கு ரெண்டு வாரம் ஆகும், ஆபீஸ்ல ரிலீஸ் இருக்கு. வரேன் மக்களே.